நம்ம ஆளு சாகக் கூடாது: ‘பாசம்’ முதல் ‘லாஸ்ட் ஜெடாய்’ வரை

இந்த எபிசோடுல ரெண்டு படத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கப் போறோம். ஒண்ணு, 2017 டிசம்பர்ல வந்த ஸ்டார் வார்ஸ் படம், ‘தி லாஸ்ட் ஜெடாய்’. இன்னொண்ணு, 1962-ல வந்த எம்ஜிஆர் படம், ‘பாசம்’. நடுவுல 55 வருஷம். ஒண்ணு விண்வெளி, இன்னொண்ணு அம்மா சென்டிமென்ட். ஆனா ரெண்டையும் பார்த்துட்டு வெளியே வந்த ரசிகர்கள்ல நிறைய பேருக்கு ஒரே கோபம்தான்: எங்க ஆளை என்னடா பண்ணி வெச்சிருக்கீங்க?

இந்தக் கோபம் எங்கிருந்து வருது, அதுக்கு யாராவது காது கொடுத்தா என்ன ஆகும்ங்கறதுதான் இன்னைக்குக் கதை. பாதிக் கதை நம்ம கோயமுத்தூர்லயே நடக்குது.

லூக் ஏன் ஒளிஞ்சான்?

ஸ்டார் வார்ஸ் பார்க்காதவங்களுக்காக ஒரு நிமிஷம். 1977-ல முதல் படம். லூக் ஸ்கைவாக்கர்னு ஒரு பண்ணை வீட்டுப் பையன், கிரகம் கிரகமா அடக்கி வெச்சிருக்கிற ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்து நிக்கிறான். 1983-ல மூணாவது படம். அதுல, அண்டத்துலயே பெரிய கொடூரன்னு பேர் வாங்கின அவனோட அப்பா டார்த் வேடரைக் கொல்ல வாய்ப்புக் கிடைச்சும், அவன் ஆயுதத்தைத் தூக்கிப் போடுறான். அப்பாக்குள்ள இன்னும் நல்லது இருக்குன்னு நம்புறான். அந்த நம்பிக்கை ஜெயிக்குது. ஒரு தலைமுறையே இந்த லூக்கைப் பார்த்து வளர்ந்துச்சு.

2012-ல டிஸ்னி 4 பில்லியன் டாலருக்கு மேல கொடுத்து லூகாஸ்ஃபிலிமை வாங்கிச்சு. 2015-ல ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ வந்தது. அமெரிக்காவுல டிசம்பர் 18. நமக்கு ஒரு வாரம் தள்ளி கிறிஸ்துமஸ் அன்னைக்குத்தான். படம் முழுக்க எல்லாரும் லூக்கைத் தேடுறாங்க. கடைசி சீன்ல ஒரு தீவோட உச்சியில நிக்கிறார். ரே அவர்கிட்ட பழைய வாளை நீட்டுறா. அங்கேயே படம் முடிஞ்சுடுது. இதுக்கப்புறம் ரெண்டு வருஷம் காத்திருப்பு.

2017-ல பதில் வந்தது. லூக் அந்த வாளை வாங்கி, அப்படியே தோளுக்குப் பின்னால வீசிட்டு நடந்து போறார். தூங்கிட்டிருந்த சொந்த மருமகனைக் கொன்னுடலாமான்னு ஒரு கணம் யோசிச்சவர், அந்த வெட்கத்துல எல்லாத்தையும் விட்டுட்டுத் தீவுல ஒளிஞ்சிருக்கிறவர். கடைசியில ஒரு பெரிய வேலை செஞ்சுட்டுச் செத்தும் போயிடுறார்.

விமர்சகர்கள்ல பெரும்பாலானவங்க பாராட்டினாங்க. படம் 1.3 பில்லியன் டாலருக்கு மேல சம்பாதிச்சது. ஆனா ரசிகர்கள் ரெண்டாப் பிளந்தாங்க. இந்தப் படத்தை அதிகாரபூர்வ ஸ்டார் வார்ஸ் கதையிலிருந்தே நீக்கணும்னு போட்ட ஆன்லைன் மனுவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல கையெழுத்து விழுந்தது. லூக்கா நடிச்ச மார்க் ஹாமிலே, இயக்குநர் ரயன் ஜான்சனோட முடிவுகளோட எனக்கு உடன்பாடு இல்லைன்னு வெளிப்படையாப் பேசினார். அதைப் பொதுவுல சொல்லியிருக்கக் கூடாதுன்னு பிறகு வருத்தமும் பட்டார்.

இதுக்கு எல்லாரும் சொல்ற விளக்கம் ஒண்ணு இருக்கு: ரசிகர்களுக்கு மாற்றம் பிடிக்காது, ஹீரோ செத்தா பிடிக்காது, அவ்வளவுதான். அப்படின்னா ஒரு கேள்வி. அதுக்கு முந்தின வருஷம், 2016-ல ‘ரோக் ஒன்’ வந்ததே? அதுல முக்கியமான பாத்திரங்கள் எல்லாருமே செத்துடுறாங்க. அதை இதே ரசிகர்கள்தான் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க. அப்ப சாவு பிரச்சினை இல்ல. வேற ஏதோ இருக்கு. அது என்னன்னு பார்க்க நாம 1962-க்குப் போகணும்.

நம்ம ஊரு ஃப்ரான்சைஸ்

ஹாலிவுட்ல ஃப்ரான்சைஸ்னா ஒரு கதை உலகம். நடிகர் மாறலாம், அந்த உலகம் தொடரும். நம்ம ஊர்ல ரொம்ப காலம் இது தலைகீழா இருந்தது. கதை மாறும், ஊர் மாறும், பாத்திரத்தோட பேரு மாறும், ஆள் மட்டும் மாற மாட்டார். என் பார்வையில, 1954-ல இருந்து 1977 வரைக்கும் வந்த எம்ஜிஆர் படங்கள் ஒவ்வொண்ணும் ஒரே தொடரோட அடுத்தடுத்த பாகம்தான். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், அம்மா சொல் தட்ட மாட்டார், ஏழையை அடிச்சா சும்மா இருக்க மாட்டார், கடைசியில ஜெயிப்பார்.

இந்தத் தொடர் எங்க தொடங்குச்சுன்னு கேட்டா, பதில் சிங்காநல்லூர் பக்கம் போகுது. எம்ஜிஆர் முதல்முதலா கதாநாயகனா நடிச்ச ‘ராஜகுமாரி’ (1947), ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு. எடுத்தது கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவுல. இயக்கம் ஏ.எஸ்.ஏ. சாமி. வசனத்துல வேலை பார்த்த இளைஞர் மு. கருணாநிதி. பின்னால முதலமைச்சரா ஆகப்போற ரெண்டு பேர், யாருக்கும் பெருசாத் தெரியாத வயசுல, நம்ம ஊர்ல ஒரே படத்துல வேலை பார்த்திருக்காங்க.

ஃபார்முலா முழுசா உருவானது ‘மலைக்கள்ளன்’ல, 1954. நாமக்கல் கவிஞர் எழுதின நாவல், கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோ, இயக்கம் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு, வசனம் கருணாநிதி. பணக்காரன்கிட்ட எடுத்து ஏழைக்குக் கொடுக்கிற வேஷக்காரன் கதை. ஜனாதிபதியோட வெள்ளிப் பதக்கம் வாங்கின முதல் தமிழ்ப் படம். இந்தி, தெலுங்கு, மலையாளம், கன்னடம், சிங்களம்னு எல்லாத்துலயும் அதே கதையைத் திரும்ப எடுத்தாங்க. இந்தியில ‘ஆசாத்’, ஹீரோ திலீப் குமார். கோயமுத்தூர்ல செஞ்ச டெம்ப்ளேட் கொழும்பு வரைக்கும் ஓடிச்சு.

அந்த டெம்ப்ளேட்டை ஒரு தொழிலாவே மாத்தினவரும் நம்ம ஊர்க்காரர்தான். ராமநாதபுரம் சாண்டோ சின்னப்பா தேவர். மருதமலை முருகனோட தீவிர பக்தர். தேவர் பிலிம்ஸ் எம்ஜிஆரை வெச்சு 16 படம் எடுத்தது. 1956-ல ‘தாய்க்குப்பின் தாரம்’ல தொடங்கி 1972-ல ‘நல்ல நேரம்’ வரைக்கும். தலைப்புகளைப் பாருங்க: ‘தாய் சொல்லைத் தட்டாதே’, ‘தாயைக் காத்த தனயன்’, ‘தர்மம் தலைகாக்கும்’, ‘தொழிலாளி’, ‘விவசாயி’. போஸ்டரைப் பார்த்தாலே உள்ள என்ன கிடைக்கும்னு தெரிஞ்சுடும். தேவருக்கு ரசிகன் எதுக்குக் காசு கொடுக்கிறான்னு தெரியும். மில் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து தரை டிக்கெட் எடுக்கிறவனுக்கு ஒரு வாக்குறுதி வேணும்: இன்னைக்கு ரெண்டரை மணி நேரத்துக்கு நம்ம ஆளு தோக்க மாட்டார்.

1962: வாக்குறுதி மீறின படம்

இந்தச் சூழல்ல வந்ததுதான் ‘பாசம்’. இயக்கம் டி.ஆர். ராமண்ணா. எம்ஜிஆர், சரோஜாதேவி, அம்மாவா டி.ஆர். ராஜகுமாரி. பின்னால மலையாளத்துல பெரிய நட்சத்திரமான ஷீலாவுக்கு இதுதான் முதல் படம். விஸ்வநாதன்–ராமமூர்த்தியோட பாட்டெல்லாம் இன்னைக்கும் ரேடியோவுல போகுது. எல்லாம் சரியாத்தான் இருந்தது. ஆனா கடைசியில எம்ஜிஆர் செத்துடுறார்.

ரசிகர்கள் ஏத்துக்கல. படம் எதிர்பார்த்த மாதிரி ஓடல.

தமிழ் ரசிகனுக்கு சோகம் பிடிக்காதுன்னு நினைச்சுடாதீங்க. அதுக்கு முந்தின வருஷம்தான் ‘பாசமலர்’ வந்தது. சிவாஜி செத்தார், தியேட்டரே அழுதது, படம் பிரமாதமா ஓடிச்சு. 1959-ல ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ல தூக்குல தொங்கினார், அதுவும் ஓடிச்சு. பாசமலர், பாசம்: பேருல கூட ஒரு பூதான் வித்தியாசம். அதே ஊர், அதே தியேட்டர், பல சமயம் அதே ஆட்கள். ஒருத்தர் செத்தா கைதட்டு, இன்னொருத்தர் செத்தா கோபம்.

காரணம், ரெண்டு பேரும் வேற வேற ஒப்பந்தம் போட்டிருந்தாங்க. சிவாஜி படத்துக்குப் போறவன், இந்த மனுஷன் இன்னைக்கு என்ன பாடு படப்போறார், அதை எப்படி நடிச்சுக் காட்டப்போறார்னு பார்க்கப் போறான். சாவு அந்த ஒப்பந்தத்துலயே இருக்கு. எம்ஜிஆர் படத்துக்குப் போறவனுக்கு நியாயம் ஜெயிக்கணும். நியாயம்னா அவனுக்கு அந்த ஆள்தான். அவர் சாதாரணமா செத்துப் போனா நியாயமே செத்த மாதிரி.

அப்ப ‘மதுரை வீரன்’ (1956)? அதுல மாறுகால் மாறுகை வாங்கிக் கொன்னுடுறாங்க, ஆனா படம் மாபெரும் வெற்றி. ஏன்னா மதுரை வீரன் ஏற்கெனவே ஊர் ஊருக்குக் கோயில் இருக்கிற சாமி. அவர் எப்படிச் செத்தார்னு உள்ள போகும்போதே எல்லாருக்கும் தெரியும். அந்தச் சாவு அவரைச் சின்னதாக்கல, தெய்வமாக்கிடுச்சு.

இப்ப லூக்குக்கு வாங்க. 1977-ல குருநாதர் ஓபி-வான் சாகும்போது யாரும் மனு போடல. அவர் ஒளியாத் திரும்பி வந்தார். அது மதுரை வீரன் சாவு. ‘ரோக் ஒன்’ ஆட்கள் செத்தது சிவாஜி சாவு. அவங்க சாகத்தான் வந்தாங்கன்னு நமக்கே தெரியும். லூக் விஷயத்துல கோபம் அவர் செத்ததுல தொடங்கல. நம்பிக்கையை விடாதவன்கிற அவரோட ஒரே வாக்குறுதி முதல் காட்சியிலேயே தோளுக்குப் பின்னால பறந்ததுல தொடங்கினது. எங்க சாஃப்ட்வேர் வேலையில இதை பிரேக்கிங் சேஞ்ச்னு சொல்லுவோம். புது வெர்ஷன் நல்லாவே இருக்கலாம். ஆனா பழைய வெர்ஷனை நம்பி மேல எதையெல்லாம் கட்டி வெச்சிருக்கோமோ, எல்லாம் உடைஞ்சுடும்.

கிரகம் மாறினாலும் ஆள் மாறல

‘பாசம்’ வந்த மறு வருஷம், 1963-ல, எம்ஜிஆர் விண்வெளிக்கே போனார். சும்மா சொல்லலீங்க. படம் ‘கலை அரசி’, இயக்கம் ஏ. காசிலிங்கம், ஜோடி பானுமதி. வேற்றுக்கிரகத்துக்காரங்களுக்கு இசை சொல்லிக்கொடுக்க ஆள் வேணும். பூமிக்கு வந்து பானுமதியைக் கடத்திட்டுப் போறாங்க. அந்தக் கூட்டத்துல நம்பியாரும் உண்டு. எம்ஜிஆர் பின்னாடியே போய் மீட்டுட்டு வர்றார். அவருக்கு ரெட்டை வேஷம்: பூமியில கதாநாயகன், அங்க விதூஷகன்.

தேதியைப் பாருங்க. படம் வந்தது 1963 ஏப்ரல். தும்பாவுல இருந்து இந்தியாவோட முதல் ராக்கெட் கிளம்பினது அதே வருஷம் நவம்பர் 21. நம்ம ராக்கெட்டுக்கு ஏழு மாசம் முன்னாடியே நம்ம ஆளு வேற கிரகத்துல சண்டை போட்டுட்டார். ‘ஸ்டார் வார்ஸ்’ வர இன்னும் 14 வருஷம் இருக்கு.

ஆனா எதுவெல்லாம் மாறலைன்னும் பாருங்க. கடத்தப்பட்ட பெண், நம்பியார், மீட்கிற நாயகன். ஃபார்முலா பத்திரமா ராக்கெட் ஏறிடுச்சு. இதுக்கப்புறம் ஹீரோ எம்ஜிஆர் சாகிற முடிவைத் தேடித்தான் பிடிக்கணும். ரெட்டை வேஷத்துல ஒருத்தர் போனாலும் இன்னொருத்தர் இருப்பார்.

எம்ஜிஆர் ரசிகன் பேச்சைக் கேட்டார். அதுக்குப் பலனும் கிடைச்சது. 1972 அக்டோபர்ல திமுகவுல இருந்து நீக்கப்பட்டு அதிமுகவைத் தொடங்கினப்போ, ஊர் ஊருக்கு இருந்த ரசிகர் மன்றங்கள் கட்சிக் கிளைகளா மாறின. 1973 மே 11-ல ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வந்தது. மின்னலோட சக்தியைப் பிடிச்சு அடைக்கிற விஞ்ஞானி கதை. ஆளுங்கட்சியோட எதிர்ப்புக்கு நடுவுல வந்து வசூலை அள்ளினது. அதே மாசம் திண்டுக்கல் இடைத்தேர்தல்ல கட்சிக்கு முதல் வெற்றி. 1974-ல கோவை மேற்கு சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தல்லயும் ஜெயிச்சாங்க. 1977-ல முதலமைச்சர். ஒரு பிம்பம் எப்படி இவ்வளவு பெரிய அரசியல் ஆச்சுங்கறதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ல ‘தி இமேஜ் ட்ராப்’ங்கற புத்தகத்துல விரிவா எழுதியிருக்கார். தலைப்பைக் கவனிங்க. ட்ராப்னா பொறி.

பொறி யாருக்கு? ரசிகனுக்குன்னு பாண்டியன் வாதாடுறார். நடிகருக்கும்தான்னு எனக்குத் தோணுது. 46 வயசுல வேற கிரகம் வரைக்கும் போன ஒரு நடிகருக்கு, அதுக்கப்புறம் ஒரு தோத்துப்போன மனுஷனா நடிக்க வழியே இல்லாமப் போச்சு. அந்த ஒப்பந்தத்துல பெண்களுக்கு இருந்த ஷரத்து இன்னும் மோசம். ஒண்ணு தெய்வம் மாதிரி அம்மா, இல்லேன்னா ஹீரோ வந்து அடக்க வேண்டிய திமிர் பிடிச்ச பணக்காரப் பொண்ணு. ரசிகன் கேட்டது கிடைச்சது. கேட்காத எதுக்கும் இடமில்ல.

‘உலகம் சுற்றும் வாலிபன்’ முடியும்போது அடுத்த படம் ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ன்னு திரையில அறிவிப்பு வரும். எம்ஜிஆர் அதை எடுக்கவே இல்ல. 2018 ஜனவரியில அதே பேருல அனிமேஷன் படம்னு அறிவிச்சாங்க, வரையப்பட்ட எம்ஜிஆரை ஹீரோவா வெச்சு. ஆள்தான் ஃப்ரான்சைஸ்னா, ஆள் போன பிறகும் அவரை வரைஞ்சாவது கொண்டு வரத்தான் தோணும்.

யாரோட குரலைக் கேட்கிறோம்?

இப்ப 2018-க்கு வாங்க. ‘லாஸ்ட் ஜெடாய்’ கோபம் படத்தோட நிக்கல. அதுல ரோஸ் டிகோங்கற பாத்திரத்துல கெல்லி மேரி ட்ரான் நடிச்சிருந்தாங்க; வியட்நாமிய அகதிகளோட பொண்ணு. லூக்கோட கதைக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனா மாசக்கணக்கா இனத்தையும் உடம்பையும் வெச்சு அவங்களைத் தாக்கினாங்க. 2018 ஜூன்ல தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எல்லாம் அழிச்சுட்டாங்க. ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ்ல எழுதினாங்க. அந்த வார்த்தைகளைத் தானே நம்பத் தொடங்கினதைப் பத்தி. 1999 படத்துல ஜார் ஜார் பிங்க்ஸா நடிச்ச அகமது பெஸ்ட்டும், அன்னைக்கு வந்த வெறுப்புல உயிரை விடற அளவுக்குப் போயிட்டதா 2018-லதான் வெளியே சொன்னார்.

2019-ல அடுத்த படம், ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’. 142 நிமிஷப் படத்துல ரோஸ் வர்றது சுமார் ஒன்றேகால் நிமிஷம். வேற ஒரு நடிகையோட பழைய காட்சிகளோட சேர்த்து எடுத்தது தொழில்நுட்ப ரீதியாச் சரியா வரலைன்னு திரைக்கதை ஆசிரியர் காரணம் சொன்னார். ஆனா பார்த்த நிறைய பேருக்கு, கத்தினவங்க ஜெயிச்சுட்டாங்கன்னுதான் தோணுச்சு.

கத்தினவங்க யாரு? மார்ட்டன் பேங்கற ஆய்வாளர் 2018-ல ஒரு வேலை பண்ணார். ரயன் ஜான்சனுக்கு வந்த 967 ட்வீட்களை எடுத்துப் பிரிச்சார். படத்தை எதிர்த்தது சுமார் 22 சதவீதம். அதுலயும் ஏறக்குறைய பாதி பாட், ட்ரோல், இல்லேன்னா அரசியல் நோக்கத்தோட எழுதினது. சின்ன சாம்பிள்தான், ட்விட்டர் மட்டும்தான். அதனால படம் பிடிக்காதவங்க எல்லாம் பொய்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது. லூக்குக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டவங்க இருந்தாங்க. ஆனா அவங்க குரலும் மத்த சத்தமும் ஒரே ஸ்பீக்கர்ல வந்தா பிரிச்சுக் கேட்கிறது கஷ்டம்.

1962-க்கும் இன்னைக்கும் பெரிய வித்தியாசம் எனக்கு இங்கதான் தெரியுது. அன்னைக்கு ரசிகர்கள் எல்லாம் தங்கம்னு சொல்ல மாட்டேன். எம்ஜிஆர் ரசிகர்களும் சிவாஜி ரசிகர்களும் போட்ட சண்டையும் கிழிச்ச போஸ்டரும் கொஞ்ச நஞ்சமில்ல. ஆனா ‘பாசம்’ பிடிக்கலைங்கற தீர்ப்பு டிக்கெட் கவுண்டர்ல வந்தது. அங்க ஒருத்தன் ஒரு தலைதான். காசு கொடுத்து உள்ள வந்தவன் மட்டும்தான் ஓட்டுப் போட முடியும். தேவர் மாதிரி ஒரு தயாரிப்பாளர் அந்தக் கணக்கை நம்பலாம். இன்னைக்கு ஒருத்தன் நூறு தலையா வரலாம், படமே பார்க்காமலும் வரலாம். 2024 நவம்பர்ல ‘கங்குவா’ வந்த பிறகு, தியேட்டர் வளாகத்துக்குள்ள யூட்யூப் விமர்சனம் எடுக்க விடாதீங்கன்னு நம்ம தயாரிப்பாளர் சங்கமே கேட்டது. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. காசு கொடுத்துப் பார்த்தவன் வாயை மூடச் சொல்றது கவுண்டரையே மூடற மாதிரி. ஆனா அவங்க பயம் எங்கிருந்து வருதுன்னு புரியுது.

அதனால அடுத்த ஸ்டார் வார்ஸ் வந்தாலும் சரி, உங்களுக்குப் பிடிச்ச ஹீரோவோட அடுத்த பாகம் வந்தாலும் சரி, ஏமாந்தா ஏமாந்ததைச் சொல்லுங்க. எந்த வாக்குறுதி உடைஞ்சதுன்னு தெளிவாச் சொல்லுங்க; அது எழுதுறவனுக்கு நிஜமாவே உதவும். அதைச் சொல்றதுக்கு நடுவுல அந்தப் படத்துல சம்பளத்துக்கு வந்து வேலை பார்த்த ஒரு பொண்ணோட மூஞ்சியைப் பத்திப் பேசினீங்கன்னா, நீங்க கதைக்காகச் சண்டை போடல.

இன்னொண்ணு. ‘பாசம்’ யூட்யூப்ல கிடைச்சா பாருங்க, ‘கலை அரசி’யும்தான். எம்ஜிஆர் சாகிற அந்தக் கடைசிக் காட்சியை, எந்த ஒப்பந்தமும் போடாத கண்ணோட பாருங்க. நம்ம தாத்தா பாட்டி பார்க்க மறுத்த ஒரு நடிகர் அதுல தெரியுறாரான்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திக்கலாமுங்க.